வெப்பம் வெளியேறும் வழி

தாமிரவருணி தன் பிரயாணத்தை முடித்துக்கொண்டு மன்னார் வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த புன்னைக்காயலில், இரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை, கடலுக்குப் போவதும் வருவதும் காற்றின் சம்மதத்தைப் பொறுத்த காரியங்களாகவே இருந்தன. 1961-ம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்புகளின் காலத்தில், முத்துப் பார்களை நோக்கிச் சென்ற தோணிகள் நள்ளிரவில் எழும் நிலக்காற்றைப் பாயில் ஏந்திப் புறப்பட்டு, பிற்பகலில் வீசும் கடற்காற்றைக் கொண்டு கரை திரும்பின. வாடை எப்போது விழும், கச்சான் எப்போது எழும் என்று அறிந்தவனே நல்ல தண்டல் என்று மதிக்கப்பட்டான். இன்று அந்தக் கரையில் நிற்கும் பைபர் படகுகளையும் வள்ளங்களையும் செலுத்துவது காற்றன்று. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே அடைபட்டு எரியும் நெருப்பு. காற்றின் குணத்தை எத்தனை நுட்பமாக அந்தப் பழைய தண்டல்கள் அறிந்திருந்தார்களோ, அத்தனை நுட்பமாக இந்த நெருப்பின் குணத்தையும் அறிந்துகொள்வது இக்காலத்து மீனவருக்கு இன்றியமையாதது ஆகிவிட்டது.

நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் இறக்கிய புத்தம்புது எஞ்சின் ஒன்று, ஓராண்டு நிறையுமுன்பே புகை கக்கி, ஆயிலைக் குடித்து, நடுக்கடலில் ‘ஜாம்’ ஆகி நின்றுவிடுவது மீனவக் குடும்பத்துக்குப் பெருந்துயரம். இத்தகைய நாசத்துக்குக் காரணம் தேடுவோர் இரண்டு குறைகளைத் தனித்தனியாகச் சொல்வது வழக்கம்: ஒன்று, எஞ்சின் சூடேறிவிட்டது என்பது, மற்றொன்று, புது எஞ்சினை முறைப்படி ‘ரன்னிங்-இன்’ செய்யாமல் முறுக்கிவிட்டார்கள் என்பது. இவ்விரண்டும் வெவ்வேறு விஷயங்கள் அல்ல, ஒரே உண்மையின் இரண்டு முகங்களே என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். எஞ்சினுக்குள் பிறக்கும் வெப்பம் வெளியேறுவதற்கு வழி வேண்டும்; புது எஞ்சினில் அந்த வழி இன்னும் முழுமையாகத் திறந்திருப்பதில்லை.

அந்த வெப்பம் எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கொலாஸ் ஓட்டோ ஓடவிட்டுக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சின், காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உறிஞ்சி, அமுக்கி, எரித்து, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. 1897-ல் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிய எஞ்சினிலும் இந்த நான்கு வீச்சுகளே நடைபெறுகின்றன. காற்றை மட்டும் மிக இறுக்கமாக அமுக்கி, அதனால் உண்டாகும் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைப்பது அதன் விசேஷம். நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு வினாடிக்கு 25 முறை இந்த எரிதல் நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. அந்த வாயுவைத் தாங்கி நிற்கும் பிஸ்டனோ 660 டிகிரியில் உருகிவிடும் அலுமினியத்தை மூலப்பொருளாகக் கொண்ட கலப்புலோகத்தால் ஆனது. 300 டிகிரியை எட்டும்போதே அது தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அது உருகாமலும் உடையாமலும் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கிறதென்றால், பெற்ற வெப்பத்தை அடுத்த வெடிப்புக்குள் வேறெங்கேனும் கொடுத்துவிடுகிறது என்பதே அதன் ரகசியம்.

நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுழல்விசிறியைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய பங்கு உலோகத்துக்குள் இறங்கி, அங்கிருந்து நீராலோ காற்றாலோ ஏந்திச் செல்லப்படுகிறது. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் இறங்கினாலன்றி எந்த வெப்ப எஞ்சினும் வேலை செய்ய முடியாது என்று பிரான்ஸ் நாட்டு சாடி கார்னோ 1824-ல் நிறுவினார். ஆகையால் வெப்பத்தை வெளியே கொடுப்பது எஞ்சினின் குறைபாடு அன்று, அதன் ஜீவதர்மம்.

பிஸ்டனின் தலையில் விழும் வெப்பம் எந்தப் பாதையில் இறங்குகிறது என்பதைக் கவனித்தால் நம் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிடுகிறோம். பிஸ்டனைச் சுற்றிக் கழுத்தணிபோல் பொருத்தப்பட்டிருக்கும் ‘ரிங்’குகள் வாயு கீழே கசியாதபடி தடுப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பிஸ்டன் பெற்ற வெப்பத்தில் பாதிக்குக் குறையாத பகுதி அந்த ரிங்குகள் வழியாகவே சிலிண்டர் சுவருக்குக் கடந்து செல்கிறது. சுவருக்கு அப்பால் காத்திருக்கும் நீர் அதை வாங்கிக்கொள்கிறது. ரிங்கும் சுவரும் எந்த அளவுக்கு நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ அந்த அளவுக்கே இந்தப் பாலம் அகலமானது.

புது எஞ்சினில் இந்தத் தொடுகை எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் சிலிண்டரின் உட்சுவரைச் சாணைக்கற்களால் உராய்ந்து முடிக்கும்போது, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகளை வேண்டுமென்றே விடுகிறார்கள். சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பின்னல் வலையைப்போல அவை தெரியும். அந்தக் கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்குகிறது. மேடுகளோ ரிங்கின் முகத்தை உராய்ந்து, தாமும் தேய்ந்து, ரிங்கையும் தேய்த்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்கின்றன. இந்தத் தேய்மானம் முடியும்வரை ரிங் சுவரை முழுவட்டமாகத் தொடுவதில்லை. ஆங்காங்கே மேட்டு முனைகளில் மட்டுமே தொடுகிறது. எனவே ஒரே சமயத்தில் இரண்டு தீமைகள் நேர்கின்றன: முனைகள் உராய்வதால் கூடுதல் வெப்பம் பிறக்கிறது, அந்த வெப்பம் இறங்குவதற்கான பாதையோ குறுகலாக இருக்கிறது. புது எஞ்சின் பழைய எஞ்சினைவிட எளிதில் கெடுவது எதனால் என்ற கேள்விக்கு இதுவே விடை.

இதன் விளைவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் ஒன்று 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வளர்கிறது. நீரால் குளிர்விக்கப்பட்டு 60 டிகிரி மட்டுமே சூடேறும் வார்ப்பிரும்புச் சிலிண்டரோ அதில் ஏழில் ஒரு பங்குகூட விரிவதில்லை. இதனை முன்கூட்டியே அறிந்துதான் பிஸ்டனின் தலைப்பக்கத்தைச் சற்றுச் சிறுக்கவும் கீழ்ப்பக்கத்தைச் சற்றுப் பெருக்கவும் கடைகிறார்கள். நடுவே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கிறது. குறித்த அளவுக்கு மேல் பிஸ்டன் இன்னும் 100 டிகிரி சூடேறுமானால் அந்த இடைவெளி முழுவதும் மறைந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக் கிழிந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு கணத்தில் பிடித்துக்கொள்கிறது.

இவ்விரண்டு உலோகங்களுக்கும் நடுவே நின்று சமாதானம் செய்வது ஆயில். அதன் மகிமையை உலகம் உணர்ந்த கதை சுவையானது. 1883-ம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியியலாளர், ரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளில் உண்டாகும் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் ஆயில் விடுவதற்கென ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பை அடித்துச் செருகினார். அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தியபோது, அது காட்டக்கூடிய எல்லையாகிய சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் கடந்து முள் நின்றது. சுழலும் அச்சே ஆயிலை இழுத்துச் சென்று தனக்கடியில் திணித்து, அந்த ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிறது என்பது இதனால் விளங்கிற்று. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். ஆனால் இந்தப் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. சூடு மிகும்போது ஆயில் இளகிப் படலம் மெலிகிறது. புது உலோகத்தின் மேடுகள் அதனைத் துளைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலால் சூடு இன்னும் மிகுகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் விஷச் சக்கரம் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது அரிது.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு பார்த்தால், எஞ்சின் கையேடுகள் கூறும் ‘ரன்னிங்-இன்’ என்னும் பழக்கும் முறையில் அர்த்தமற்ற சம்பிரதாயம் ஒன்றும் இல்லை என்பது தெளிவாகும். படகின் பின்புறத்தில் மாட்டும் நான்கு வீச்சு அவுட்போர்டு எஞ்சின்களுக்குப் பொதுவாக முதல் 10 மணி நேரம் பழக்கும் காலமாகும். முதல் ஒரு மணி நேரம் பாதி முறுக்குக்கு மேல் போகலாகாது. இரண்டாம் மணியில் சிறிது கூட்டலாம். மீதியுள்ள மணி நேரங்களில் எந்த வேகத்திலும் ஓட்டலாமேயன்றி, முழு முறுக்கில் தொடர்ந்து சில நிமிஷங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. சில டீசல் எஞ்சின்களுக்கு இந்தக் காலம் 50 மணி வரை நீள்கிறது. இந்த விதிகளில் ‘மெதுவாக ஓட்டு’ என்பதைவிட முக்கியமானது ‘வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டு’ என்பது. பாரம் ஏறும்போது வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது; முறுக்கைக் குறைத்ததும் உராய்ந்த இடம் ஆறுகிறது, ஆயில் மீண்டும் பரவுகிறது. அழுத்தமும் ஆறுதலும் மாறி மாறி வரும்போதுதான் ரிங் தன் இருக்கையை அடைகிறது.

இங்கே நல்லெண்ணத்தால் நேரும் ஒரு பிழையையும் எச்சரித்தாக வேண்டும். புது எஞ்சினாயிற்றே என்று அஞ்சி, அதை நாட்கணக்கில் வெறும் ஐடிலிங்கிலும் மிகக் குறைந்த வேகத்திலுமே ஓட்டுகிறவர்கள் அதற்கு உபகாரம் செய்வதில்லை. அழுத்தம் போதாமையால் ரிங் சுவரை உராயாமல் ஆயிலின் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆயில் பள்ளங்களில் தீய்ந்து கண்ணாடிபோன்ற பூச்சாகப் படிகிறது. அதன் பிறகு ரிங் ஒருநாளும் சரியாகப் பொருந்துவதில்லை. ஆயில் குடித்து நீலப்புகை கக்கும் எஞ்சின்களில் சில இவ்வாறு அளவுக்கு மீறிய செல்லத்தால் கெட்டவையே. முதல் கடலோட்டத்தின்போதே வலையையும் ஐஸ் பெட்டிகளையும் நிறைய ஏற்றிக்கொண்டு முழு முறுக்கில் ஓடுவது ஒரு கோடி. பாரமே இல்லாமல் கரையோரத்தில் உறுமவிட்டு வைப்பது மறுகோடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள மிதமான, மாறிவரும் பாரமே சரியான வழி.

பழக்கும் காலம் முடிந்த பின், பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 20 மணி அளவில் சொல்லும் முதல் ஆயில் மாற்றத்தை ஒத்திப்போடலாகாது. அப்போது வடிக்கும் ஆயிலில் சில துளிகளை விரல்களுக்கிடையே தேய்த்து வெயிலில் பார்த்தால், நுண்ணிய பொடி மினுமினுப்பதைக் காணலாம். ரிங்கும் சுவரும் பொருந்திக்கொள்வதற்காக இழந்த உலோகம் அது. அந்தப் பொடி ஆயிலிலேயே கிடந்து சுற்றுமானால், தேய்ந்து சமமான பரப்புகளை மறுபடியும் கீறும். சிறு பொடிக்குப் பதிலாக நகக்கண் அளவிலான சில்லுகள் தென்பட்டால், மெக்கானிக்கிடம் காட்டாமல் கடலுக்குப் புறப்படுவது தகாது.

பிஸ்டனிலிருந்து ரிங்குக்கும், ரிங்கிலிருந்து சுவருக்கும் வந்து சேர்ந்த வெப்பத்தை இனி நீர் ஏற்றுக்கொள்ள வேண்டும். 20 குதிரைசக்தி எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 15 கிலோவாட் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கிறது என்று கொள்வோம். நீர் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் உள்ள உஷ்ண வேறுபாடு 20 டிகிரி என்றால், நிமிஷத்துக்கு 11 லிட்டர் கடல்நீர் இடைவிடாமல் எஞ்சினுக்குள் சுற்றிவர வேண்டும். இத்தனை நீரையும் தூக்கி அனுப்புவது, உள்ளங்கையில் அடங்கக்கூடிய இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம். அதன் இதழ்களுக்கு நீரே மசகு. கரையில் நிறுத்தி வைத்து, நீரில்லாமல் ‘சும்மா ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற’ அந்தச் சில வினாடிகளில் ரப்பர் உராய்ந்து கருகத் தொடங்குகிறது. உடைந்த இதழ் ஒன்று உட்புறத் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டால், பம்பை மாற்றிய பிறகும் சூடு குறையாது. அவுட்போர்டின் பக்கவாட்டில் கயிறுபோல் பீறிட்டு விழும் அந்த மெல்லிய நீர்த்தாரைதான் எஞ்சினின் நாடி. அது மெலிந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ ஆவியாகப் புகைந்தாலோ, உடனே முறுக்கைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தி, நீர் நுழையும் சல்லடையைப் பார்ப்பது கடமை.

முகத்துவாரத்துக் கரைகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆறு கொண்டுவரும் வண்டலும், ஆழம் குறைந்த இடங்களில் சுழல்விசிறி கிளப்பிவிடும் மணலும் நீரோடு புகுந்து இம்பெல்லரை அரம்போல் அராவுகின்றன. அலையாத்திக் காட்டின் சருகும் பிளாஸ்டிக் பையும் சல்லடையை மூடிக்கொள்கின்றன. சொறிமீன் கூட்டம் மிதந்து வரும் பருவங்களில் அவை நீர் நுழையும் வாய்களை அடைத்துவிடுகின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்க் குளிர்விப்பு அமைப்புக்கே சொறிமீன்களும், குழாய்ச் சுவர்களில் ஒட்டி வளரும் கொட்டலசுகளும் நெடுங்காலமாக விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் பிரச்னைகளாக இருக்கின்றன. தூத்துக்குடி அனல்மின் நிலையமும் கடல்நீரைக் கொண்டே தன் வெப்பத்தைக் கழிக்கிறது. பைபர் படகின் சிறு எஞ்சினும் பெரிய மின்நிலையமும் ஒரே கடலிடம் ஒரே உதவியை வேண்டி நிற்பவை. ஒரே தடைகளுக்கு ஆளாகுபவை.

நம் கடலின் உஷ்ணமும் கணக்கில் சேர வேண்டியது. குளிர்நாட்டுக் கடல்நீர் 5 டிகிரியில் எஞ்சினுக்குள் நுழையக்கூடும். மன்னார் வளைகுடாவின் மேல்நீரோ கோடையில் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. மேல் எல்லையும் நம் விருப்பப்படி உயரக்கூடியது அன்று. கடல்நீரை நேராகச் சுற்றவிடும் எஞ்சின்களில் நீரை ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் சூடேறவிடாமல் காப்பதற்குக் காரணம் உப்பின் வேதியியலே. தூத்துக்குடி உப்பளங்களில் நீர் வற்றி வரும்போது, சமையல் உப்புக்கு முன்பாகச் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் பாத்திகளில் படிந்துவிடுவதை உப்பளத் தொழிலாளர் அனைவரும் அறிவர். அதே கால்சியம் உப்புகள், பெரும்பாலான பொருள்களுக்கு மாறாக, நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரைகின்றன. ஆதலால் நீர் வற்றாமலே, சூடான சிலிண்டர் சுவரின் வெளிப்புறத்தில் கல்லாக உறைகின்றன. அந்தப் படிவின் வெப்பங் கடத்தும் ஆற்றல் இரும்பினுடையதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பத்தின் வழி அங்கே அடைபடுகிறது. சுவர் மேலும் சூடேறுகிறது. மேலும் படிவு சேருகிறது. ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்தவுடன் நல்ல தண்ணீரை எஞ்சினுக்குள் ஓடவிட்டுக் கழுவும் பழக்கம் இந்தச் சக்கரத்தை அறுக்கிறது. அத்துடன், 1824-ல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் கடல்நீரின் அரிப்பிலிருந்து காப்பதற்காகக் கண்டுபிடித்த உபாயம் இன்றும் அவுட்போர்டுகளில் சிறு உலோகக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதே அதன் வேலையாதலால், அதன்மேல் பெயிண்ட் அடிப்பது அதைக் கட்டிப்போடுவதாகும்.

நீரில்லாமல் காற்றாலேயே குளிரும் சிறு டீசல் எஞ்சின்களும் நம் கரையில் உண்டு. அவற்றின் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகச் சிறகுகளே வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. ஆயிலும் உப்பும் மீன் செதிலும் சேர்ந்து அந்தச் சிறகுகளின் இடுக்குகளைத் தூர்த்துவிட்டாலும், மழைக்கும் அலைக்கும் அஞ்சி ஓடும் எஞ்சினைத் தார்ப்பாயால் மூடிவிட்டாலும், விளைவு நீர் நின்றுபோனதற்கு ஒப்பாகும்.

இந்த விதி கடலுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் 1937-ல் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே காப்புரிமை பெற்ற பனிவண்டியின் சந்ததிகள் இன்று பனி மூடிய நாடுகளிலெல்லாம் ஓடுகின்றன. நம் ராணுவம் சியாச்சினில் அவற்றைப் பயன்படுத்துகிறது. உறைபனி நடுவே ஓடும் வண்டிக்குச் சூட்டால் என்ன கேடு என்று தோன்றலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு முன்புறக் காற்று ரேடியேட்டர் பிரதானமன்று. சுழலும் பட்டை வாரியெறியும் பனி, வண்டியின் அடிப்புறத்திலுள்ள குளிர்விப்புத் தகடுகளில் பட்டு உருகுவதே முக்கிய ஏற்பாடு. ஒரு கிலோ பனி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்குகிறது. ஒரு கிலோ கடல்நீர் 20 டிகிரி சூடேற வாங்குவதோ 80 கிலோஜூல். இத்தகைய தாராளமான குளிர்ச்சி சுற்றிலும் கிடந்தும், பொடிப்பனி இல்லாத கெட்டிப் பனிக்கட்டியின்மேல் ஓடும்போது தகடுகளுக்குப் பனி எட்டாமையால் அந்த எஞ்சின் கொதித்துவிடுகிறது. அதற்காகவே பனிக்கட்டியைச் சுரண்டித் தூளாக்கித் தெறிக்கவிடும் கம்பிகளை வண்டியில் பொருத்துகிறார்கள். சுற்றிலும் குளிர் இருப்பது போதாது, அந்தக் குளிர் சூடான உலோகத்தைச் சென்று தொடவும் வேண்டும் என்பதைச் சியாச்சினும் புன்னைக்காயலும் ஒன்றுபோலவே போதிக்கின்றன.

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் எஞ்சின் சூடேறிவிடலாம். அப்போது பதற்றத்தில் குளிர்ந்த நீரை வாரி அதன் தலைமேல் ஊற்றலாகாது. சூட்டில் விரிந்த வார்ப்பு ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் வெடிப்பு விழும். நன்னீர் அடைத்துச் சுற்றும் வகையானால், சூடு ஆறுமுன் மூடியைத் திறப்பது ஆளுக்கே ஆபத்து. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் அமலாகும் மீன்பிடித் தடைக்காலம், படிவைச் சுரண்டவும் பம்பைப் பழுதுபார்க்கவும் உகந்த அவகாசம். இரண்டு மாதம் உறங்கிய எஞ்சினின் சுவரிலிருந்து ஆயில் வடிந்து போயிருக்குமாதலால், மறுபடி கிளப்பும் முதல் நாளில் அதைப் புது எஞ்சினாகவே பாவித்துச் சிறிது நேரம் மிதமாக ஓடவிடுவது அறிவுடைமை.

இவையனைத்தும் எஞ்சினோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பவையே. ஆனால் அந்தக் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை விரித்துப் படிப்பார் இல்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பல்லாண்டுகள் வாழ்ந்து உழைத்த ஊர் புன்னைக்காயல். இந்தக் கரையின் மக்களுக்குச் சொல்ல வேண்டியதை அவர்கள் பேசும் மொழியிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் துணிந்திருக்க, லட்சக்கணக்கான ரூபாய் பெறும் எஞ்சினின் முதல் 10 மணி நேரத்தைப் பற்றிய நாலு பக்கத்தைத் தமிழில் தருவது உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் பெரிய பாரமாகாது. அதைக் கேட்டு வாங்குவது மீனவரின் உரிமை. நீர்த்தாரையைக் கவனிக்கவும், முறுக்கை மாற்றி மாற்றிப் பழக்கவும், ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கவும் பணம் செலவாவதில்லை. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற அறிவு மட்டும் வேண்டும். அந்த அறிவு கைவந்தவருக்கு எஞ்சின் கடனை அடைக்கும் துணையாகும்; கைவராதவருக்கு அதுவே புதுக்கடனாகும்.